கீல் பூட்டுகிற சத்தம்

எங்கள் வீட்டில் மடக்கு நாற்காலிகள் உண்டு. ஒன்றுகூட மடங்காது. ஒரு விசேஷத்துக்கு வந்த நாத்தனாரின் விரல் அதில் ஒன்றின் இடுக்கில் நசுங்கிவிட்டது. பெரிய காயம் ஒன்றுமில்லை. விரலை உதறிவிட்டு அவர் பாயசம் குடிக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. மறுநாள் காலையில் அத்தனை நாற்காலிகளையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், மடங்குகிற இடத்திலெல்லாம் இரும்புப் பட்டையை வைத்து வெல்டிங் போட்டுவிட்டார். "இனி ஆயுசுக்கும் அசையாது" என்றார். அசையவில்லைதான். அடுக்கி வைக்கவும் வழியில்லாமல், மாடிப்படிக்குக் கீழே இன்றைக்கும் அவை காலை அகட்டிக்கொண்டு நிற்கின்றன.

துடியலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு அவர் ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிற வேலை. கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு இப்படி ஒருத்தர் இருப்பார். எல்லோருக்கும் ஒரே வியாதி. எதையும் இருக்கிறபடி விடமாட்டார்கள். துணி காயப்போடக் கொடிக்கம்பி கேட்டால் மின்சாரக் கம்பம் மாதிரி ஒன்றை நட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக் கேட்டைப் பால்காரர் தோளைக் கொடுத்துத்தான் தள்ளுவார். வெள்ளையடிக்க வந்த பெயின்டர் எங்கள் பூஜை அலமாரியை அசைக்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, இதுல சாமி படந்தானுங்க வெக்கறீங்க? மோட்டார் எதும் வெக்கலீங்களே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இந்த மனுஷரின் கெட்ட நேரம், வெல்டிங் போட முடியாத ஒன்று எனக்கு வந்தது. இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை செய்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள், பிறகு கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். தலைமுடி போய், திரும்பச் சுருள் சுருளாக முளைத்தது. எல்லாம் முடிந்த அன்று டாக்டரம்மா, "இனி நீங்க பேஷண்ட் இல்லீங்க. நல்லா நடங்க, வேலைக்குப் போங்க, ஆசைப்பட்டதைச் செய்யுங்க" என்றார். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்ததால், இடது கையில் மட்டும் கனம் தூக்க வேண்டாம் என்று கடைசியாகச் சொன்னார். எனக்கு முதலில் சொன்னது காதில் விழுந்தது. என் வீட்டுக்காரருக்குக் கடைசியில் சொன்னது மட்டும்தான் விழுந்தது.

அன்றிலிருந்து நான் குடம் தூக்கக்கூடாது, குக்கர் தூக்கக்கூடாது, பூட்டைத் திறக்கக்கூடாது. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து ஆபீஸ் வாசல் வரைக்கும் வேனில் கொண்டு வந்து விடுவார். சாயங்காலம் மணி அடிப்பதற்கு முன்பே வந்து நிற்பார். பக்கத்துக் கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போனால்கூட, திரும்பி வரும்போது கேட்டில் கையை ஊன்றி நின்றுகொண்டிருப்பார். மகள் பெங்களூரில் இருக்கிறாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரில் ஒருத்தி கண்ணாடிச் சாமானாகிவிட்டாள். அன்பு என்று தெரியும். தெரிந்தும் மூச்சு முட்டியது.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றுகிற நாட்களில் நான் ஆஸ்பத்திரியில் இருந்ததே இல்லை. உடம்பு இருந்தது. நான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்.

எப்போதோ, மகள் சின்னவளாக இருந்தபோது, ஊட்டிக்கு பஸ்ஸில் போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி, பவானிப் பாலம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் கல்லாரில் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு வரும். அதில் ஓரிடத்தில் மெயின் ரோட்டை விட்டு ஒரு சின்ன ரோடு தோப்புக்குள்ளே பிரிந்து போனது. ஈரமான ரோடு. வெயில் அதில் சில்லறையாக விழுந்து கிடந்தது. ஜன்னலில் ஒரு நிமிஷம் தெரிந்து மறைந்துவிட்டது. அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவும் இல்லை. ஆனால் கையில் ஊசியைக் குத்திவிட்டு நர்ஸ் நகர்ந்ததும் கண்ணை மூடினால், அந்த ரோடு அப்படியே வந்து நின்றது. கல்லூரிக்குப் போன காலத்து சைக்கிளில் நான் ஏறிக்கொள்வேன். மிதிப்பேன். சத்தமே இருக்காது. பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழி விடும். எங்கோ தண்ணீர் ஓடுகிற குளிர்ச்சி முகத்தில் படும். அந்த ரோடு எங்கேயும் போய்ச் சேராது, எனக்கும் சேர வேண்டும் என்று தோன்றாது. "முடிஞ்சுதுங்கம்மா" என்று நர்ஸ் தோளைத் தொடும்போது, நிஜமாகவே பிரேக் பிடிக்க என் விரல்கள் மடங்கும்.

அந்த ரோட்டில் ஒரு தடவையாவது நிஜமாகப் போக வேண்டும் என்பது எனக்கு வைராக்கியமாகிவிட்டது. தனியாகப் போக வேண்டும். பின்னால் வேன் வரக்கூடாது. அங்கே என்னைப் பிழைக்க வைத்தது நான்தான், அதனால் நான்தான் போக வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் மருந்தின் வேலை என்று நினைப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

போனில் பழைய சாமான் விற்கிற பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மடக்கு சைக்கிள், சின்னச் சக்கரம், பழசு, கருமத்தம்பட்டி. மடக்கினால் துடியலூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலில் ஏற்றலாம், மேட்டுப்பாளையத்தில் இறக்கி விரித்து ஓட்டலாம் என்று மனசு அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டது. வாயோ, "டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னாங்கல்ல, நம்ம வீதியில ரெண்டு சுத்து சுத்தலாமுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னது. அவர் வேண்டாம் என்றார். விழுந்தால் என்னாவது என்றார். மூன்று நாள் கழித்து, "அந்தப் படத்தைக் காட்டு" என்றார். பார்த்தார். "பெடல் அச்சு வளைஞ்சிருக்கு, பாரு" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மிஷின் கெட்டுக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இந்த ஊர் ஆம்பிளைகளால் சும்மா இருக்க முடியாது.

கருமத்தம்பட்டியில் அது ஒரு விசைத்தறிக் கொட்டகை. தறிகள் போடுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா சைகையால் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது சைக்கிள். முதலில் அது சைக்கிள் என்றே தெரியவில்லை. வருஷக்கணக்கில் பறந்து வந்த பஞ்சுத் தூசி ஹேண்டில், செயின், ஸ்போக்ஸ் என்று எல்லாவற்றின் மேலும் படிந்து, அது ரோமம் முளைத்த பிராணி மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. நான் சீட்டின் மேல் கையை வைத்தேன். கை மெத்தென்று உள்ளே போனது. ஏனோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் கொஞ்ச காலம் இப்படித்தான் ஒரு மூலையில் இருந்தேன்.

வெளியே வந்ததும் அந்த அம்மா, "பையன் ஆசப்பட்டு வாங்குனானுங்க. ஒரு மாசம் ஓட்டுனான். பொறவு பைக்கு வந்துருச்சு. ஏனுங்க, ஆருங்க ஓட்டறதுக்கு?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க" என்றேன்.

அவர் என் சுருள் முடியையும் நரையையும் பார்த்தார். "ஓட்டுங்க அம்மணி, போச்சாது" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி கையை அசைத்தார். ஒரு கட்டைப்பை நிறையக் கத்தரிக்காயும் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நான் நினைக்கிறபோது, அவை எல்லாம் ஒரே நீண்ட சாயங்காலமாகத்தான் தெரிகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காபியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவேன். கம்பெனி வேலையை ஓரமாக வைத்துவிட்டு அவர் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருப்பார். அச்சுக்குள்ளே கிரீஸும் பஞ்சும் சேர்ந்து அடை மாதிரி இறுகியிருந்தது. கோணி ஊசியால் அதைக் குத்தி எடுப்பது என் வேலை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து விழும், அதில் பஞ்சு மிதக்கும், குருடி மலைப் பக்கமிருந்து காற்று வரும். நாங்கள் அதிகம் பேசவில்லை. நோயைப் பற்றிப் பேசாமல் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

துருவை டீசல் போட்டுத் தேய்த்தார். வெடித்துப் போயிருந்த டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாவற்றையும் டவுனிலிருந்து புதிதாக வாங்கி வந்தார். பழைய இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம் போட்டார். பின்சக்கரத்து கியர் ஒவ்வொன்றாக விழுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஆனாலும் நாய் வாலை நிமிர்த்த முடியுமா? சீட்டுக்குக் கீழே குழாய் கொஞ்சம் ஆடியதென்று, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கெட்டி இரும்பில் ஒரு தடி கடைந்து சொருகினார். சைக்கிளை நான் வலது கையால் தூக்கிப் பார்த்தேன். தரையை விட்டு வரவில்லை.

"இதுமேல நான் உக்காரோணுமா, இல்ல யானை உக்காரோணுமா?"

"கனமா இருந்தாத்தான் அம்மணி கெட்டி."

"எனக்குத் தூக்கற மாதிரி வேணுமுங்க."

"எதுக்குத் தூக்கோணும்? உருட்டிட்டுப் போ."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் அந்தத் தடி போய் லேசான குழாய் வந்திருந்தது. பெயின்டிலும் சண்டைதான். பம்ப்புக்கு அடித்து மீந்த நீலம் டப்பா டப்பாவாக இருக்கிறதே என்றார். மோட்டார் மேல் ஏறிப் போக எனக்கு விருப்பமில்லை என்றேன். வாழைக்குருத்து நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

ஓட்டிப் பார்த்த அன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். இடது பக்கம் பிரேக் பிடியே இல்லை. வலது கையில் ஒரே பிடி. அதை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நின்றது. இரண்டு கம்பியும் ஒரே பிடியில் இழுபடுகிற மாதிரி செய்திருந்தார். இடது கைக்கு வேலையே வைக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. வீதிமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். முதலில் தள்ளாடி, பிறகு உடம்பு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டது. கேட்டில் கையை ஊன்றி அவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில்தான் உளறிவிட்டேன்.

"ஏனுங்க, சனிக்கெழம நான் இத மடக்கி ரயில்ல ஏத்தி மேட்டுப்பாளையம் போறேன். அங்கிருந்து கல்லார் பக்கம் ஓட்டிட்டுப் போயிட்டு வாரேன். நான் மட்டும்."

அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் மடக்கினார். நடுவில் இருக்கிற கீல் திறந்து, பாதி சைக்கிள் மறு பாதியின் மேல் வந்து சாய்ந்தது. விரித்தார். மறுபடி மடக்கினார். அந்தக் கீலையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு நான் இட்லிக்கு ஊற வைக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால், சைக்கிள் முன்வாசலில் துடைத்து நிறுத்தியிருந்தது. கீல் இருந்த இடத்தில், இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு இரும்புப் பட்டை. சுற்றிலும் வெல்டிங். அதன் மேல் அதே வாழைக்குருத்துப் பெயின்ட், இன்னும் காயவில்லை.

"ஓட்டறப்ப கீலு தெறந்துக்கிச்சுன்னா? மேல உக்காந்திருக்கற ஆளு என்னாகறது? இப்ப ஆயுசுக்கும் மடங்காது" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. செய்தது தப்பு என்கிற நினைப்பே இல்லை. நாற்காலிக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்திருந்தார்.

நான் பட்டையின் மேல் விரலை வைத்தேன். பெயின்ட் விரலில் ஒட்டியது. கோபம் வந்தது. கத்துவேன் என்றுதான் நினைத்தேன். குரல் சின்னதாகத்தான் வந்தது.

"அந்த வெல்டிங் மிஷின எடுத்துட்டு வாங்க. என்னையும் ஒரு பட்டைய வெச்சுப் போட்டுருங்க. நானும் ஆயுசுக்கும் அசைய மாட்டேன்."

அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். "உன்ற நல்லதுக்குத்தான..."

"நான் பொழச்சு வந்துட்டேனுங்க. எனக்குத் தெரியுது. ஆஸ்பத்திரில இருந்து இன்னும் ஊடு வந்து சேராதது நீங்கதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கண்ணை மூடிப் பார்த்தேன். அந்த ரோடு வரவில்லை. எத்தனை ஊசிக்கும் வந்தது, அன்றைக்கு வரவில்லை. அதற்குத்தான் அழுதேன்.

சனிக்கிழமை போயிற்று. நாங்கள் சாப்பாடு, பால், தண்ணீர் மோட்டார் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் கிரைண்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சைக்கிளைக் கவ்வியில் பூட்டி வைத்து, தான் போட்ட வெல்டிங்கைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார். தீப்பொறி வாசல் வரைக்கும் பறந்து வந்து அணைந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"பழைய கீலு சூட்டுல கெட்டுப்போச்சு. புதுசு செய்யோணும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். போகத் திரும்பியபோது, அவர் கீலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உன்ன ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுட்டுப் போன அன்னைக்கு, அந்தக் கதவச் சாத்திட்டாங்க. வெளிய ஒரு பெஞ்சு. அதுல ஒரு போல்ட்டு லூசா இருந்துச்சு. நான் அத விரல்லயே முறுக்கிட்டு உக்காந்திருந்தேன். முறுக்குவேன், லூசாயிரும், மறுக்கா முறுக்குவேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல அம்மணி. மிஷின் ஓடுனா சத்தம் வரும். கெட்டுப்போனாலும் ஒரு சத்தம் வரும், அதக் கேட்டுச் செரி பண்ணிருவேன். அந்தக் கதவுக்குப் பொறவுல ஒண்ணுமே கேக்கல. அதான்."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை மாதங்களில் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான். நான் பக்கத்தில் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் மறுபடி கிரைண்டரை ஓடவிட்டார்.

புதுக் கீல் செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. லேத்தில் அவர் அதற்கான அச்சுப் பின்னைக் கடைகிறபோது சுருள் சுருளாக இரும்புச் சீவல் வெளியே வந்து விழும். என் புது முடியும் அதே சுருள்தான் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். கீலுக்குக் கொண்டி வைத்தார். கொண்டிக்குள் ஒரு ஸ்பிரிங். விரித்துவிட்டு அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சாதாரணச் சத்தம் இல்லை. அதற்காகவே ஸ்பிரிங்கை மூன்று முறை மாற்றினார்.

"இந்தச் சத்தம் வந்தாப் பூட்டிருச்சுன்னு அர்த்தம். வல்லீன்னா ஏறிப்போடாத" என்றார்.

பிறகு அவரே அதில் ஏறி வீதியில் ஓட்டினார். பெரிய உடம்பு, சின்னச் சக்கரம், முழங்கால் இரண்டும் மார்பில் இடித்தன. வேகத்தடை மேல் வேண்டுமென்றே குதித்தார். வீதியே வாசலில் நின்று சிரித்தது. கீல் அசையவில்லை. இறங்கி வந்து, "செரி. சனிக்கெழம போ" என்றார்.

சனிக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். ரயில் நின்றதும் சைக்கிளை வாங்க அவர் கை தானாக நீண்டது. பிறகு அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நான் மடக்கியிருந்த சைக்கிளை வலது கையால் தூக்கிப் படியில் வைத்தேன். கனமாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது. ரயில் நகர்ந்தபோது அவர் பிளாட்பாரத்தில் நின்று என்னைப் பார்க்கவில்லை, கீலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி வெளியே வந்து சைக்கிளை விரித்தேன். அவர் சொல்லியிருந்தபடி போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பூட்டறேனுங்க, கேளுங்க" என்று போனைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்துக் கொண்டியை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ஊட்டி பஸ் ஒன்று ஹாரனை அலற விட்டது.

"கேட்டுச்சுங்களா?"

"ம். கேட்டுச்சு" என்றார். கேட்டிருக்காது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

பவானிப் பாலத்தில் மெதுவாகப் போனேன். மலையின் பாதி மேகத்துக்குள் இருந்தது. பஸ்களும் லாரிகளும் என்னை ஒதுக்கிக்கொண்டு போயின. ஓரமாகவே போனேன். பாக்குத் தோப்புகள் ஆரம்பித்தன. நான் தேடிய ரோடு எது என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம், அதுவும் வருஷங்களுக்கு முன்னால், பஸ் ஜன்னலில் பார்த்தது. இரண்டு மூன்று ரோடுகள் அப்படிப் பிரிந்தன. ஒன்றில் ஈரம் தெரிந்தது, திரும்பிவிட்டேன்.

கனவில் வந்த ரோடு இவ்வளவு குண்டும் குழியுமாக இருந்ததில்லை. கனவில் பாக்குமட்டைத் தட்டு செய்கிற கொட்டகையும் இல்லை, குரைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்த நாயும் இல்லை. முக்கியமாகக் கனவில் எனக்கு மூச்சு வாங்கியதில்லை. இங்கே வாங்கியது. நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. வியர்வை தழும்பின் மேல் இறங்கிக் கரித்தது. எனக்கு அது அத்தனையும் பிடித்திருந்தது. நாய் நின்றுவிட்டது. கொட்டகை பின்னால் போனது. பிறகு மரங்கள் நெருங்கி, மெயின் ரோட்டின் இரைச்சல் அடங்கி, வெயில் சில்லறையாக விழுந்து கிடந்த இடத்துக்கு வந்தேன். எங்கோ வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பிரேக்கைப் பிடித்தேன். விரல்கள் மடங்கியதும் சக்கரங்கள் நின்றன. யாரும் என் தோளைத் தொடவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. போன் அடித்தது.

"எங்க இருக்கற?"

"தோப்புக்குள்ள இருக்கறனுங்க. நல்லா இருக்கறேன்."

அந்தப் பக்கம் லேத்து ஓடிக்கொண்டிருந்தது. 

"அம்மணி, அந்தக் கீலு... அப்ப கேக்கல. இன்னொருக்கா பூட்டு."

லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அது சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன். பட்டறை அமைதியாயிற்று. தோப்பும் அமைதியாகத்தான் இருந்தது. இறங்கி நின்று கொண்டியை எடுத்து, சைக்கிளைக் கொஞ்சம் மடக்கி, திரும்ப விரித்து, போனைப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

டக்.

போனைக் காதில் வைத்தேன். அவர் மூச்சு விடுவது கேட்டது. அது சரியாக வருவதற்குச் சற்று நேரம் ஆனது.

"கேட்டுச்சு" என்றார். இந்தத் தடவை நிஜம்.

"சாயங்கால ரயிலுக்கு வந்தர்றனுங்க."

"செரி. நான் டேசனுக்கு வல்ல. நீயே ஊட்டுக்கு ஓட்டிட்டு வந்துரு."

நான் சரி என்று சொல்வதற்குள், அந்தப் பக்கம் லேத்து மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.